எதுவரை என்று எழுதி வாங்குங்கள்

மாரடைப்பு வந்து பிழைத்தவரும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவரும் கொண்டுவரும் மருந்துச் சீட்டில் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஜோடியாக இருக்கும். சிலருக்குக் குளோபிடோக்ரெலுக்குப் பதில் டிகாக்ரெலார் அல்லது பிராசுக்ரெல் எழுதியிருப்பார்கள். எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். எந்தத் தேதி வரை என்பது மட்டும் பல சீட்டுகளில் இருப்பதில்லை. கண்டாச்சிபுரம் பக்கத்தில் மருந்துக் கடை மேசைக்குப் பின்னால் நின்று நெடுநாளாக இந்தச் சீட்டுகளைப் படித்துவருகிறவன் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இந்த மாத்திரைகள் விஷயத்தில் என் கண்ணில் படும் தவறுகள், மருந்தின் குணத்தால் வருவதைவிட, எதற்காக, எதுவரை என்று தெரியாமல் போடுவதாலும் தெரியாமல் நிறுத்துவதாலும் வருபவையே அதிகம். நான் மருத்துவன் அல்ல. எந்த மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அந்தத் தேதியை யாரிடம் எப்படிக் கேட்டு வாங்குவது, வாங்கிய பிறகு அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதைத்தான் சொல்கிறேன்.

முதலில் மாத்திரை என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் நிறுத்தும் விஷயத்தில் நம்மை ஏமாற்றுவது இதுதான். டெங்கு காலத்தில் எண்ணிக்கை பார்க்கிறோமே, அதே தட்டணுக்களின் மேல்தான் இவை வேலை செய்கின்றன. காயம் பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரத்தத்தை அடைப்பது தட்டணுவின் தொழில். இருதயத் தமனிக்குள் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடித்தால் அதையும் காயம் என்றே எடுத்துக்கொண்டு அங்கே போய் ஒட்டும். அப்படி ஒட்டி அடைப்பதுதான் மாரடைப்பு. புதிதாக வைத்த ஸ்டென்டின் கம்பி வலையையும் அது அப்படியே பார்க்கும், குழாயின் உள்தோல் வளர்ந்து அந்த வலையை மூடும்வரை. ஆஸ்பிரின் தட்டணுவின் ஒரு வழியை அடைக்கிறது, குளோபிடோக்ரெல் வேறொரு வழியை அடைக்கிறது. அதனால்தான் இரண்டும் வேண்டியிருக்கிறது. ஒருமுறை மருந்து பட்ட தட்டணு தன் ஆயுள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள் வரை, செயலற்றே இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் புதுத் தட்டணுக்கள் நாளுக்குக் கொஞ்சமாக வந்து சேர்ந்து, ஒரு வாரத்தில் ரத்தம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே நிறுத்திய முதல் இரண்டு நாளில் உடம்பில் எந்த மாற்றமும் தெரியாது. “நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு நாள் எதற்கும் சாட்சி ஆகாது. டிகாக்ரெலார் கதை வேறு. அது தட்டணுவை நிரந்தரமாகக் கட்டுவதில்லை. அதனால்தான் தினம் இரண்டு வேளை போடச் சொல்கிறார்கள். அதில் ஒரு வேளை விட்டாலும் மற்றவற்றைவிடச் சீக்கிரமே பாதுகாப்பு குறையும்.

இந்த மாத்திரைகளால் உண்மையிலேயே பலன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குக் கையில் நல்ல கணக்கு இருக்கிறது. 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் மாரடைப்பு வந்த 17,187 பேரைச் சேர்த்தார்கள். ஆஸ்பிரின் கிடைத்தவர்களில் ஐந்து வாரத்துக்குள் இருதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் நூற்றுக்கு 9.4. வெறும் மாத்திரை கிடைத்தவர்களில் 11.8. சில பைசா விலையுள்ள ஒரு மாத்திரை ஒரு மாதத்தில் செய்த வேலை இது. 2001இல் வந்த க்யூர் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர்களில் முக்கியமானவர் கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் படித்த சலீம் யூசுஃப். ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று 12,562 பேரிடம் அவர்கள் பார்த்தார்கள். இருதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு 11.4லிருந்து 9.3ஆகக் குறைந்தது. பெரிய ரத்தக்கசிவு 2.7லிருந்து 3.7ஆகக் கூடியது. நூறு பேரில் இரண்டு பேருக்கு மேல் காப்பாற்றப்படுகிறார்கள், ஒருவருக்குக் கூடுதலாக ரத்தம் கசிகிறது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாத்திரைக்கு ஒரு முடிவுத் தேதி ஏன் வேண்டும் என்பதற்கு விடை இதற்குள்ளேதான் இருக்கிறது. ஆபத்து உச்சத்தில் இருக்கும் மாதங்களில் லாபம் பெரிது. அது தணிந்த பிறகும் கசிவின் விலையை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதில் எல்லோருக்கும் லாபம் இருக்காது.

தேதிக்கு முன்பே நிறுத்தினால் என்ன ஆகும்? 2,229 பேரைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒன்பது மாதத்துக்குள் அது அடைபட்டவர்கள் நூற்றுக்கு 1.3 பேர்தான். ஆனால் அடைபட்டவர்களில் நூற்றுக்கு 45 பேர் இறந்தார்கள். அடைப்புக்கு மிகப் பெரிய காரணமாக நின்றது மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தியது. அவை முதல் தலைமுறை ஸ்டென்டுகள், இப்போது வைப்பவை நன்றாக மேம்பட்டுவிட்டன என்று ஒருவர் சொன்னால் அது சரியே. இன்று அடைப்பின் எண்ணிக்கை இன்னும் குறைவு. அடைத்தால் வரும் விளைவு மட்டும் அன்றைப் போலவே கொடியது. இதைவிட என்னை யோசிக்க வைத்தது 2006இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்த 500 பேரில் கிட்டத்தட்ட ஏழில் ஒருவர் முதல் மாதம் முடிவதற்குள்ளேயே குளோபிடோக்ரெல் வகை மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தார். நிறுத்தியவர்களில் அடுத்த பதினொரு மாதத்தில் நூற்றுக்கு 7.5 பேர் இறந்தார்கள். தொடர்ந்தவர்களில் 0.7. யார் நிறுத்தினார்கள் என்றும் பார்த்திருக்கிறார்கள்: வயதானவர்கள், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், துணை இல்லாமல் இருப்பவர்கள், செலவுக்குப் பயந்து மருத்துவமனையைத் தவிர்ப்பவர்கள். இவர்களோடு இன்னொரு கூட்டமும் இருந்தது: வீட்டுக்கு அனுப்பும்போது மருந்தைப் பற்றி யாரும் விளக்கிச் சொல்லாதவர்கள். முதல் நான்கையும் நம்மால் ஒரு நாளில் மாற்ற முடியாது. கடைசி ஒன்றை ஐந்து நிமிடத்தில் மாற்றலாம்.

2013இல் லான்செட் இதழில் வந்த பாரிஸ் என்ற பதிவாய்வு என் வாதத்துக்கு நேராக வருகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஸ்டென்ட் வைத்த 5,018 பேரை இரண்டு ஆண்டு கவனித்து, மாத்திரை நின்றதை மூன்று வகையாகப் பிரித்தார்கள். மருத்துவர் திட்டமிட்டு நிறுத்தியது ஒரு வகை. அறுவைச் சிகிச்சை போன்ற காரணத்துக்காகச் சில நாள் இடைவெளி விட்டது இன்னொன்று. ரத்தக்கசிவாலோ தானாகவோ திட்டமின்றி அறுந்துபோனது மூன்றாவது. மருத்துவர் சொல்லி நிறுத்தியவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. திட்டமின்றி அறுந்தவர்களுக்குக் கூடியது, முதல் ஏழு நாளில் ஏழு மடங்கு. மருத்துவர் நிறுத்தச் சொன்னவர்கள் ஏற்கெனவே உடல் தேறியவர்களாக இருந்திருப்பார்கள், அதனால்தான் அவர்கள் நன்றாக இருந்தார்கள் என்று மறுத்துச் சொல்லலாம். நியாயமான மறுப்பு. ஆனால் அதுவும் என் பக்கமே சேருகிறது. யார் தேறியிருக்கிறார், யார் தேறவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் முடிவெடுத்தார் என்பதுதான் அங்கே காப்பாற்றியது. மாத்திரையை நிறுத்துவது தன்னளவில் குற்றமல்ல. யார் நிறுத்துகிறார், எந்தத் தேதியில், எதைப் பார்த்து என்பதே கேள்வி.

நம் ஊருக்கு இந்தக் கேள்வி கூடுதலாகப் பொருந்தும். கண்டாச்சிபுரம் விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே சாலையில் இருக்கும் ஊர். இங்கே ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் சிகிச்சை ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்தில் முடியும். முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவார்கள், திருவண்ணாமலைக்குப் போவார்கள், புதுச்சேரி ஜிப்மருக்குப் போவார்கள், சென்னையில் மகன் இருந்தால் சென்னைக்குப் போவார்கள். இது குறையல்ல, அப்படித்தான் ஏற்பாடே செய்யப்பட்டிருக்கிறது. சிறிய மருத்துவமனையில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு ஆஞ்சியோவுக்கு அனுப்பும் முறையைத் தமிழ்நாட்டில் நான்கு இடங்களில் அமைத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டுச் சாவு விகிதம் நூற்றுக்கு 17.6லிருந்து 14.2ஆகக் குறைந்தது. 2023 ஜூனில் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே முதல் மருந்து கிடைக்கிறது: ஆஸ்பிரின் 150 மில்லிகிராமில் இரண்டு, குளோபிடோக்ரெல் 75இல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10இல் எட்டு, ஆக 14 மாத்திரை ஒரே வேளையில். அது அந்த ஒரு வேளைக்கு மட்டும், ஆள் பார்த்துக் கொடுப்பது. வீட்டில் இருக்கும் அட்டையைப் பிரித்து அதேபோல விழுங்கக் கூடாது. இப்படி ஒருவர் உடம்பு நான்கைந்து கைகளைக் கடந்து வீடு சேர்கிறது. அதன்பிறகு அவரைப் பார்ப்பது உள்ளூர் டாக்டர், பல் டாக்டர், சித்த வைத்தியர், மாதா மாதம் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பெண், கடையில் நிற்கும் நான். ஸ்டென்ட் எந்த நாளில் வைத்தது, எத்தனை வைத்தது, இரண்டாவது மாத்திரை எதுவரை என்பது எங்கள் யாருக்கும் தெரியாது, நோயாளி சொன்னாலன்றி. அதனால் அந்தத் தேதி நோயாளியோடு பயணம் செய்ய வேண்டும்.

“பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டத்துக்கு நடுவே இதையெல்லாம் கேட்க முடியுமா, கேட்டால் ஆயுசு முழுக்க என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்” என்பார்கள். கேட்கும் இடமும் கேட்கும் விதமும் முக்கியம். புறநோயாளி வரிசையில் கேட்பதைவிட, டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுக்கும் நேரத்தில் வார்டு டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்பது எளிது. “மாத்திரை எதுவரை?” என்று மொத்தமாகக் கேட்டால் ஆயுசு முழுக்க என்ற பதில்தான் வரும், ஏனென்றால் ஏதாவது ஒரு மாத்திரை ஆயுசு முழுக்கத்தான். “இந்த இரண்டில் எது நிற்கும், எந்த மாதம், அதற்கு யாரிடம் வர வேண்டும்?” என்று கேளுங்கள். பதிலைச் சம்மரியின் முதல் பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் உடன் இருப்பது நல்லது. அந்தப் பக்கத்தை அங்கேயே போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கசங்கிக் கிழிந்து, மஞ்சள் கறை படிந்து, கடைசி இலக்கம் அழிந்துபோன சம்மரிகள் கடைக்கு வருவது சாதாரணம்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. மருத்துவர்களுக்கே இதில் ஒருமித்த கருத்து இல்லையே, பிறகு தேதியை எப்படிக் கேட்பது? மாரடைப்புக்குப் பின் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் என்கிறார்கள். மாரடைப்பு இல்லாமல் திட்டமிட்டு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆறு மாதம் போதும் என்கிறார்கள். ரத்தக்கசிவு வாய்ப்பு அதிகமுள்ளவருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்திலேயே முடித்துவிடுவதும் உண்டு. 2014இல் வந்த டாப்ட் ஆய்வில், முதல் ஓராண்டைச் சிக்கலின்றிக் கடந்த 9,961 பேரில் பாதிப் பேருக்கு மேலும் பதினெட்டு மாதம் இரண்டு மாத்திரையையும் தொடர்ந்தார்கள். ஸ்டென்ட் அடைப்பு நூற்றுக்கு 1.4லிருந்து 0.4ஆகக் குறைந்தது. கணிசமான ரத்தக்கசிவு 1.6லிருந்து 2.5ஆகக் கூடியது. ஒரே ஆய்வு இரு பக்கத்துக்கும் ஆதாரம் தருகிறது. இதிலிருந்து தேதியே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை, நேர்மாறான முடிவுக்கே வருகிறேன். எல்லோருக்கும் ஒரே காலம் என்றால் அதை ஊரில் யாரும் சொல்லிவிடலாம். ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி வாங்க வேண்டியிருக்கிறது. வயது, எடை, சிறுநீரகம், பழைய அல்சர், பக்கவாதம் வந்த வரலாறு, ஸ்டென்டின் நீளம் எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் அவர் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் ஆறு மாதத்தில் நிறுத்தினார் என்பது உங்களுக்குப் பொருந்தாது. மருத்துவரால் முடிவுத் தேதி சொல்ல முடியாவிட்டால், திரும்ப வந்து காட்ட வேண்டிய தேதியைச் சொல்லட்டும். அதுவும் தேதிதான்.

ரத்தக்கசிவைப் பற்றிப் பேசினால் ஜனங்கள் பயந்து மாத்திரையை விட்டுவிடுவார்கள், சொல்லாமல் இருப்பதே நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. எதுவும் சொல்லப்படாதவர்தான் கரும்பு வெட்டும்போது கையில் பட்ட கீறல் பத்து நிமிடம் ஒழுகினால் அரண்டுபோய் அன்றைக்கே மாத்திரையை நிறுத்துகிறார். கன்றிப்போன நீலத் திட்டு, பல் தேய்க்கும்போது கொஞ்சம் ரத்தம், சவரத்தில் பட்ட கீறல் கொஞ்ச நேரம் கூடுதலாக ஒழுகுவது எல்லாம் மாத்திரை வேலை செய்வதன் அடையாளம். அழுத்திப் பிடித்தால் நிற்கும். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் சொன்னால் போதும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை வேறு: தார் போலக் கருத்து, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போகும் மலம், காபித் தூள் நிறத்தில் வாந்தி, சிறுநீரில் ரத்தம், கால் மணி நேரம் அழுத்தியும் நிற்காத மூக்கு ரத்தம், திடீரென்று வாய் கோணுவது, கை தளர்வது, வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு, வெளியில் காயம் இல்லாவிட்டாலும், வரும் தலைவலி. இரும்புச் சத்து மாத்திரை போடுபவருக்கும் மலம் கருக்கும். ஆனால் அது தார் போல ஒட்டாது. சந்தேகம் இருந்தால் காட்டிவிடுவதே நல்லது. இவற்றில் எது வந்தாலும் போகும்போது சம்மரியையும் எடுத்துப் போக வேண்டும், ஏனென்றால் அங்கே இருப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது ஸ்டென்ட் வைத்து எத்தனை நாள் ஆயிற்று என்பதைத்தான்.

இந்த ஜோடியோடு சேர்த்து எழுதும் கேஸ் மாத்திரையைப் பலர் தேவையில்லாதது என்று விட்டுவிடுகிறார்கள், வயிற்றில் எரிச்சல் இல்லையே என்று. எரிச்சலுக்காகத் தந்தது அல்ல அது, வயிற்றுக்குள் ரத்தம் கசியாமல் காக்கத் தந்தது. 2010இல் வந்த ஆய்வொன்றில் இரண்டு மாத்திரையோடு ஒமிப்ரசோலும் சேர்ந்தவர்களுக்கு வயிறு, குடல் சிக்கல்கள் நூற்றுக்கு 2.9லிருந்து 1.1ஆகக் குறைந்தன. ஒமிப்ரசோல் குளோபிடோக்ரெலின் வேலையைக் கொஞ்சம் குறைக்கலாம் என்ற எச்சரிக்கை இருப்பதால் பெரும்பாலும் பேன்டோப்ரசோல் எழுதுகிறார்கள். ஆகவே கேஸ் மாத்திரைதானே என்று கடையில் கிடைத்ததை வாங்கிப் போடாமல் எழுதியதையே போடுங்கள்.

நம் பக்கத்தில் இந்த மாத்திரைகளுக்கு உண்மையான எதிரி வலி மாத்திரை. நாற்று நடுகிறவர்கள், களை எடுக்கிறவர்கள், மல்லாட்டை பிடுங்குகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் மூட்டும் இடுப்பும் வலிக்கத்தான் செய்யும். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் எல்லாம் கடைகளில் சீட்டில்லாமலே கேட்கப்படுகின்றன. ஐபுப்ரூஃபன், ஆஸ்பிரின் உட்காரும் இடத்தில் முன்னதாகவே உட்கார்ந்துகொண்டு ஆஸ்பிரினை வேலை செய்ய விடாமல் தடுக்கும் என்பது 2001லேயே தெரிந்தது. 2015இல் டென்மார்க்கில் மாரடைப்பு வந்த 61,971 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தோடு இந்த வலி மாத்திரைகளும் சேர்ந்தபோது ரத்தக்கசிவு இரண்டு மடங்கானது, இருதயச் சிக்கலும் கூடியது. மூன்றே நாள் போட்டவர்களுக்குக்கூட ஆபத்து கூடியிருந்தது. “மூணு நாளைக்கு மட்டும் குடுங்க” என்று கேட்பவருக்கு நான் தரும் பதிலுக்கு ஆதாரம் இதுதான். பாராசிட்டமால் போடலாம், மேல்பூச்சு போடலாம், ஒத்தடம் கொடுக்கலாம், வலி தாங்கவில்லை என்றால் ஸ்டென்ட் வைத்ததைச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம். வலி ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே பேச்சுதான். ஊசி வழியாகப் போனாலும் மருந்து ரத்தத்தில்தான் கலக்கிறது. கடைக்காரர்களும் ஒரு கேள்வி கேட்கப் பழக வேண்டும். அறுபது வயதுக்காரர் வலி மாத்திரை கேட்டால் “இருதயத்துக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களா, ஐயா?” என்று கேட்க எத்தனை நேரம் ஆகும்?

தேதிக்கு முன்பே மாத்திரை அறுந்துபோகும் சந்தர்ப்பங்களில் பல் பிடுங்குவதும் கண் புரை அறுவையும் முன்னால் நிற்கின்றன. ஒன்றிரண்டு பல் எடுப்பதற்குப் பொதுவாக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. பஞ்சு வைத்து அழுத்தியோ தையல் போட்டோ ரத்தத்தை நிறுத்திவிட முடியும். ஸ்டென்ட் அடைத்தால் அப்படி அழுத்தி நிறுத்த முடியாது. சொட்டு மருந்தில் மரத்துப்போக வைத்துச் செய்யும் புரை அறுவைக்கும் பொதுவாக அப்படியே. கண் முகாமுக்குப் போகிறவர்கள் முகாமில் இருப்பவர்களிடம் மாத்திரை விவரத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாங்களாகவே ஒரு வாரம் முன்பு நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. குடலிறக்கம், கர்ப்பப்பை, மூட்டு மாற்று போன்ற பெரிய அறுவைகள் காத்திருக்கக் கூடியவை என்றால் ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் தள்ளிப்போடச் சொல்வார்கள். தள்ள முடியாவிட்டால் அறுவை செய்பவரும் இருதய மருத்துவரும் பேசிக்கொள்ள வேண்டும், நீங்கள் நடுவில் தூது போகலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது. மழைக்காலத்துக் காய்ச்சல் இன்னொரு சந்தர்ப்பம். டெங்குவில் தட்டணு குறையும்போது இந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டிவரலாம், தொடர வேண்டியும் வரலாம். எண்ணிக்கை எவ்வளவு, ஸ்டென்ட் எத்தனை மாதத்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். காய்ச்சல் கண்ட முதல் நாளே போய், ஸ்டென்ட் தேதியை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

விடுபடுவது போலவே இரட்டிப்பாவதும் நடக்கிறது. ஈக்கோஸ்பிரின் 75 என்ற அட்டையில் ஆஸ்பிரின் மட்டும். ஈக்கோஸ்பிரின் ஏவி என்ற கேப்ஸ்யூலில் ஆஸ்பிரினோடு கொழுப்பைக் குறைக்கும் மருந்தும். ஈக்கோஸ்பிரின் கோல்டு என்றால் இவை இரண்டோடு குளோபிடோக்ரெலும். ஜிப்மர் சீட்டில் தனித்தனியாகவும் உள்ளூர்ச் சீட்டில் கோல்டு என்றும் எழுதியிருந்தால், இரண்டையும் வாங்கிப் போடுபவர் தினமும் இரண்டு பங்கு ஆஸ்பிரினும் இரண்டு பங்கு குளோபிடோக்ரெலும் விழுங்குகிறார், தனக்குத் தெரியாமலே. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைத்தான் ஒப்பிட வேண்டும். கண் தெரியாவிட்டால் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்து எந்தக் கடையிலாவது காட்டுங்கள். வால்வு மாற்றியவர்கள் போடும் அசிட்ரோம், வார்ஃபரின் ஆகியவை வேறு இனம். அவற்றுக்குத்தான் அடிக்கடி ரத்தம் எடுத்து ஐஎன்ஆர் பார்க்க வேண்டும். ஆஸ்பிரினுக்கும் குளோபிடோக்ரெலுக்கும் அந்தச் சோதனை இல்லை. சோதனை இல்லாததால் லேசான மருந்து என்று எண்ணிவிடாதீர்கள்.

செலவைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் மருந்தைப் பற்றிப் பேச முடியாது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு வரம்பு கட்டி, மருந்து பூசியதை 29,600 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பலருக்கு அந்தச் செலவும் இல்லை. ஆனால் ஸ்டென்ட் ஒரு நாள் செலவு, மாத்திரை மாதச் செலவு. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுச் சிக்கனம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரனாக இருந்தாலும் சொல்கிறேன்: அரசு மருத்துவமனையில் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் கேட்டுப் பாருங்கள், மக்கள் மருந்தகத்தில் கேளுங்கள், 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகத்தில் கேளுங்கள். டிகாக்ரெலார் விலை தாங்கவில்லை என்றால் அதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், குளோபிடோக்ரெலுக்கு மாற்றும் வழி அவரிடம் இருக்கிறது. டிகாக்ரெலார் போட்டால் சிலருக்கு மூச்சு வாங்குவது போல இருக்கும். அதற்காக நிறுத்துபவர்களுக்கும் இதே பதில்தான்: மாற்றிக் கேளுங்கள், நடுவில் வெறும் நாள் விடாதீர்கள்.

வீட்டில் ஒருவர் போடுகிறார் என்று நோயே இல்லாத மற்றவர்களும் ஆஸ்பிரின் போடுவது இதன் மறுபக்கம். தினம் ஒரு மாத்திரை யாருக்கு என்ன கெடுக்கும் என்பார்கள். 2018இல் வந்த ஆஸ்பிரீ ஆய்வில் இருதய நோய் இல்லாத, பெரும்பாலும் எழுபது வயது தாண்டிய 19,114 பேரில் ஆஸ்பிரின் போட்டவர்களுக்கு இருதய நோய் குறையவில்லை, பெரிய ரத்தக்கசிவு மட்டும் நூற்றுக்கு 2.8லிருந்து 3.8ஆகக் கூடியது. நோய் வந்தவருக்கு உயிர் காப்பது நோய் வராதவருக்கும் காக்கும் என்று கணக்குப் போட முடியாது.

மறந்துபோகும் நாளும் வரும். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போய் விடிகாலையில் திரும்புகிறவர்கள், விரத நாளில் சாப்பாட்டோடு மாத்திரையையும் தள்ளிவிடுகிறவர்கள், நோன்பு வைப்பவர்கள் முன்கூட்டியே நேரத்தை டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளலாம். தினம் ஒருவேளை போடும் மாத்திரையைப் பாதி நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுவிடுங்கள், அதைத் தாண்டினால் அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். பல நாள் விட்டுப்போயிருந்தால் மட்டும் மறுபடி தொடங்கும் முன் போன் செய்து கேளுங்கள்.

கடைசியில் அந்தத் தேதி வரும்போது இன்னொரு தவறு காத்திருக்கிறது. “ஒரு வருஷம் முடிஞ்சா நிறுத்திடலாம்னு சொன்னாங்க” என்று இரண்டையும் ஒன்றாக நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தச் சொல்வது இரண்டில் ஒன்றைத்தான். மற்றது தொடர வேண்டும், பெரும்பாலோருக்கு ஆஸ்பிரின், சிலருக்குக் குளோபிடோக்ரெல். ஆகவே தேதி வந்த வாரத்தில் பழைய சம்மரியோடு மருத்துவரிடம் போய், எது போகிறது எது இருக்கிறது என்று புதிய சீட்டில் எழுதி வாங்குங்கள். கேஸ் மாத்திரை இன்னும் வேண்டுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திய மாத்திரையின் மீதி அட்டைகளை டப்பாவிலிருந்து எடுத்துவிட்டு, பழைய சீட்டின் மேல் பேனாவால் குறுக்குக் கோடு போட்டு, புதிய சீட்டின் போட்டோவை வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் வழக்கமாக மருந்து வாங்கும் கடைக்கும் அனுப்பிவிடுங்கள்.